மறு: ‘ஒளியீர்ப்பு’ வேண்டாம், ‘ஈர்ப்பன்’ போதும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ஒளிக்கும் ஈர்ப்புக்கும் குவாண்டம் அளவில் நிகழும் இடைவினையை ‘ஒளியீர்ப்பு’ எனலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். நேற்று மாலை சித்தூரில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல) என்னிடம் பாடம் கேட்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன். மழை விட்டிருந்த நேரம். திண்ணை விளக்கை மொய்த்த ஈசலைக் கைகாட்டி, “இதுதானே சார்?” என்றாள். சொல் அங்கேயே விழுந்துவிட்டது.

புவியீர்ப்பு போன்ற ஈர்ப்புக்குச் செங்கோட்டை நண்பர் சொன்ன ‘நிறையீர்ப்பு’, அதைக் காந்த ஈர்ப்பிலிருந்து பிரித்துக் காட்டுகிறது, உண்மை. ஆனால் ஒளியனுக்கு (ஒளித்துகள், photon) ஓய்வு நிறையே கிடையாது. ஆனாலும் சூரியன் அதை வளைக்கிறது. 1919 மே 29 சூரிய கிரகணத்தில் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனின் குழுவினர் சோதித்தது அதைத்தான். சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி வளையும் கோணம் ஐன்ஸ்டைன் கணக்கில் 1.75 வில் விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில் விநாடி). ஈர்ப்பு பற்றிக்கொள்வது ஆற்றலையும் உந்தத்தையும். பெயரில் நிறையைக் கட்டிவைத்தால், விளக்க வந்த ஒளியையே வாசலில் நிறுத்திவிடுவோம்.

ஈர்ப்பை இங்கே மலையாளப் பள்ளியில் ‘குருத்வாகர்ஷணம்’ என்கிறார்கள். பெரியவர்களை மதிக்காத பிள்ளைக்கு வீட்டில் விழும் வசவு ‘குருத்வக்கேடு’. எதிர்வீட்டுப் பையன் இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறான், குழம்புவதில்லை. ‘குருத்வம்’ போல ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்கட்டும். தவறான பொருள் முந்திக்கொண்டு வரக் கூடாது. ஈசல் முந்திக்கொண்டது.

ஆகவே இடைவினைக்குத் தனிச்சொல் வேண்டாம்; ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் துகளுக்கு (graviton) ‘ஒளியன்’ போல ‘ஈர்ப்பன்’ என்ற பெயர் போதும். ‘ஈர்ப்பணு’ வேண்டாம், அணு வேறு பொருள். ‘அன்’ ஆண்பாலாக ஒலிக்கிறது என்பவர்களுக்கு: ‘ஒளியன் வந்தான்’ என்று நான் எங்கும் படித்ததில்லை.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வலுவான காந்தப்புலத்தில் ஒளி ஈர்ப்பலையாக (ஈர்ப்பின் அலை, gravitational wave) மாறக்கூடும் என்று 1962இல் சோவியத் இயற்பியலாளர் கெர்ட்சென்ஷ்டைன் காட்டினார். அதையே குவாண்டம் மொழியில், ‘ஒளியன் ஈர்ப்பனாக மாறுகிறது’ என்று எழுதிவிடலாம். ‘ஒளியீர்ப்பு’ கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

இன்னும் பிடிபடாத துகளுக்குப் பெயரா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2015 செப்டம்பர் 14இல் அமெரிக்காவின் லைகோ (LIGO) ஆய்வகத்தில் பதிவானது ஈர்ப்பலை. தனி ஈர்ப்பன் அல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லவே இரு சொற்கள் தேவை. நியூட்ரினோ என்ற துகளும் பெயர் பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1956இல்தான் அகப்பட்டது.

துகள்களின் அடிப்படைப் பண்புகளில் ஒன்றான தற்சுழற்சி (spin) எண் ஒளியனுக்கு 1, கோட்பாட்டின்படி ஈர்ப்பனுக்கு 2. ‘தற்சுழற்சி’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது, உண்மையில் எதுவும் சுழல்வதில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.