விஷிவாங்கா நாளைப் போல மலையகத்தில் ஓர் ஆடை நாள்: எப்படித் தொடங்கலாம்?

கேள்வி (அட்டன்)
உக்ரைனியர் தம் பூத்தையல் சட்டையான விஷிவாங்காவை அணிந்து ஆண்டுதோறும் கொண்டாடும் நாளைப் பற்றி வாசித்த எங்கள் தோட்டத்து இளைஞர்கள், நம் பாட்டன் பாட்டிமார் உடுத்தியபடி உடுத்தி நாமும் ஒரு நாளைக் கொண்டாட வேண்டும் என்கிறார்கள். மண்டபம் எடுத்து, மேடை போட்டு, சிறந்த உடைக்குப் பரிசு கொடுக்க எண்ணியிருக்கிறோம். அங்கே அது எவ்வாறு தொடங்கியது என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (கண்டி)
2006ஆம் ஆண்டு செர்னிவ்சி பல்கலைக்கழக மாணவி லெசியா வொரோனியுக், எல்லோரும் ஒரே நாளில் விஷிவாங்கா அணிந்து வருவோம் என்று சொன்ன யோசனையில்தான் அது தொடங்கியது. மே மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமையில் அது வருவது தற்செயல் அல்ல. விழாக்களுக்கும் மேடைக்கும் மட்டும் உரிய உடையாகச் சுருங்கிவிடாமல், அலுவலகத்திலும் பஸ்ஸிலும் வகுப்பறையிலும் அந்தச் சட்டை காணப்பட வேண்டும் என்பதற்காகவே வேலை நாளைத் தெரிவு செய்தார்கள். ஆகவே மேடையும் பரிசும் வேண்டாம் என்பேன்.

பதில் (பண்டாரவளை, மனையியல் ஆசிரியை)
விஷிவாங்கா என்பது ஒரே மாதிரியான சட்டை அன்று. பொல்தாவாப் பகுதியில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே தைப்பார்கள். அருகில் போய்ப் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரியும். தெர்னோபில் மாகாணத்துப் போர்ஷ்சிவ் சட்டைகளிலோ கைப்பகுதி முழுவதையும் கறுப்பு நூல் அடர்த்தியாக நிறைத்திருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் கீழ் விளிம்பிலும், அதாவது துணி முடிந்து உடல் வெளிப்படும் இடங்களில், தையல் இருந்தால் தீயது அண்டாது என்பது பழைய நம்பிக்கை. ஊருக்கு ஊர் இருந்த இந்த வேறுபாட்டை அவர்கள் அழிக்கவில்லை. நீங்களும் "மலையக உடை" என்று ஒன்றைத் தைத்து எல்லோருக்கும் மாட்டிவிடாமல், அவரவர் வீட்டுப் பெட்டியில் இருப்பதைக் கேட்டு எடுங்கள்.

பதில் (மஸ்கெலியா)
வேலை நாள் என்பது சரிதான். ஆனால் கொழுந்து பறிப்பவரின் வேலை நாள் வேறு. நல்ல சேலையோடு மலைக்குப் போனால் தேயிலைக் கிளை கிழித்துவிடும், நிறை குறைந்தால் சம்பளமும் குறையும். எனவே பாடசாலை, தபாலகம், கடைகளில் இருப்பவர்கள் வார நாளில் அணியட்டும். மலைக்குப் போகிறவர்கள் விரும்பினால் மாலையில் அணியலாம். இன்னொன்று, கொழுந்து பறிப்பவர்கள் சேலைக்கு மேல் இடுப்பில் காப்பாகக் கட்டும் விரிப்பான படங்கை இளைஞர்கள் வேடமாகக் கட்டிக்கொண்டு வர வேண்டாம். மழைக்கும் கிளைக்கும் பயந்து கட்டுவதை, அதை இன்றும் கட்டுகிற அம்மாவின் முன்னால் அலங்காரமாக்குவது அழகல்ல.

கேள்வி கேட்டவர்
மண்டபத்தையும் பரிசையும் விட்டுவிடுகிறோம். சீருடைக்குப் பதிலாக அணிய அனுமதி கேட்டு அதிபரிடம் முதலில் பேசுவோம்.