மாந்தெகாத்தூரா: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘கடைதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா. கீரை கடைகிறோம், பருப்பு கடைகிறோம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

வணக்கம். ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவில், கடைசியாக வெண்ணெயும் சீஸும் சேர்த்துக் கிளறும் கட்டத்துக்குத்தான் மாந்தெகாத்தூரா என்று பெயர். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

கடைதல் வேண்டாம் என்பேன். கீரையைக் கடைந்தால் இலை இருந்த இடம் தெரியாது. ரிசோட்டோவில் அரிசி உருக்குலையாமல் நிற்க வேண்டும், கடித்தால் நடுவில் லேசாகத் தட்டுப்பட வேண்டும். தவிர, கடைந்தால் வெண்ணெய் வெளியே அல்லவா வரும்? இங்கே உள்ளே போகிறது!

செய்முறையைப் பார்த்தால் சொல் பிடிபடும். வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, கழுவாத அரிசியைப் போட்டுச் சூடேற வறுப்பார்கள். வெள்ளை ஒயின் ஊற்றி வற்றவிடுவார்கள் (எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆகாது, கடைசியில் எலுமிச்சை பிழிவதோடு சரி). அப்புறம் காய்கறி வேகவைத்த சாற்றைக் கொதிக்கக் கொதிக்க, கரண்டி கரண்டியாக விட்டுத் துழாவ வேண்டும், ஏறக்குறைய 18 நிமிடம். இதற்குப் போடும் ஆர்போரியோ என்ற இத்தாலிய அரிசியில் அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள் மிகுதி. துழாவத் துழாவ மணிகள் உரசி, மேல்மாவு சாற்றில் இறங்கிக் கெட்டிப்படும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் களையும் நம் பழக்கத்தை இதில் காட்டினால் அந்த மாவு சிங்க்கோடு போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மாந்தெகாத்தூரா. அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளையும் துருவிய பார்மிஜானோ சீஸையும் போட்டு, பாத்திரத்தைக் குலுக்கி வேகமாகக் கிளறுவது. சாற்றில் இறங்கிய மாவு, கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பள்ளியில் பால்மம் என்று படித்தது இதைத்தான். ஆனால் ‘பால்மமாக்கல்’ என்று அடுப்படியில் யார் சொல்வார்கள்?

குழைத்தல் என்றும் ஒரு யோசனை வந்தது. சோறு குழைந்தால் புகார், பொங்கல் குழைந்தால் பாராட்டு. ரிசோட்டோ இரண்டிலும் சேராது. தட்டைச் சாய்த்தால் அலைபோல நகர வேண்டும், ‘அல்லோந்தா’ என்கிறார்கள் இத்தாலியர். வேளச்சேரியிலிருந்து அண்ணன் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் அந்த அலை இறுகிவிடும்.

என் பரிந்துரை: சாறு விடும் கட்டத்துக்குத் துழாவல், கடைசிக் கட்டத்துக்கு வெண்ணெயளாவல். வள்ளுவர் ‘சிறுகை அளாவிய கூழ்’ என்றாரே, அந்த அளாவுதல். ‘அடுப்பை அணைத்து வெண்ணெய் அளாவவும்’ என்று செய்முறையில் எழுதினால் உறுத்தாது.

*

அளாவல் நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் வெண்ணெய் எதற்கு? மீன், இறால் போடும் ரிசோட்டோவில் பலர் வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய்தான் விடுகிறார்கள். பாஸ்தாவைச் சாற்றோடு சேர்த்துக் கிளறுவதற்கும் இத்தாலியில் இதே சொல்தான். வெறும் ‘அளாவல்’ போதாதா?

*

நியாயம். ஆலிவ் எண்ணெயை நான் யோசிக்கவில்லை. வெறும் அளாவல் என்றால் தட்டச்சின் தானியங்கித் திருத்தி அதை ‘அளவளாவல்’ ஆக்கிவிடுமே என்பதுதான் தயக்கம். ‘கொழுப்பளாவல்’ என்று வைக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். வேறு முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள்.