பதினோரு மின் போஸ்ட், இரண்டு மதிப்பீடு, ஒன்றில் மட்டும் ஜி.எஸ்.டி.

மிளகுக்கொடி:
கொல்லிமலையில் அம்மா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் ஓர் ஓட்டு வீடு. பணி ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். சோலார் தகட்டில் காலம் ஓடுகிறது. சேர்ந்தாற்போல் நான்கு நாள் மூடுபனி இறங்கினால், செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இரண்டு கிலோமீட்டர் நடந்து டீக்கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் டீயும் கொடுத்து, "டீச்சர், கரண்ட் எப்போது?" என்றும் கேட்கிறார்.

கடைசிப் போஸ்டிலிருந்து என் வீட்டுக்குப் பதினோரு போஸ்ட் நட வேண்டும். மின் அலுவலகம் தந்த மதிப்பீட்டில் வரி என்று ஒரு வரியும் இல்லை. லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரை வைத்து நாமே செய்துகொள்ளலாம் என்றார்கள். அவரோ 2,10,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 37,800 என்று எழுதியிருக்கிறார். அந்தப் பணத்தில் வீட்டு வயரிங்கையே முடித்துவிடலாம். மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்கிறார்களே? 31 ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

பழைய தணிக்கையாளர்:
டீச்சர், இரண்டுமே சரியாக இருக்கலாம். மின்சாரத்துக்கு வரி இல்லை. இணைப்பைச் சுற்றியுள்ள கட்டணங்களில்தான் இழுபறி. விண்ணப்பக் கட்டணம், மீட்டர் வாடகை, மீட்டரை இடம் மாற்றும் கூலி எல்லாவற்றுக்கும் வரி உண்டு என்றது 2018 மார்ச் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கை. அதே ஆண்டு டிசம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் அந்தப் பத்தியை ரத்து செய்தது. பிறகு ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 54-ஆவது கூட்டம் இந்தக் கட்டணங்களுக்கு வரி விலக்குத் தரப் பரிந்துரைத்து, 2024 அக்டோபர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விலக்கு, மின் நிறுவனம் தன் நுகர்வோருக்குச் செய்யும் சேவைக்கு மட்டும். ஒப்பந்ததாரர் அதற்குள் வரமாட்டார். போஸ்ட் ஒன்றுதான், நடுகிறவர் வேறு.

கம்பிக்காரன்:
அம்மா, அந்தத் தாளில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? எண்ணும் எழுத்துமாக 15 இடம், தமிழ்நாட்டில் பதிந்தவருக்கு 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அடித்தால் எண் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவு இல்லாதவர் வரி வாங்கவே கூடாது. காம்போசிஷன் என்று சிறு தொழில் செய்பவர்களுக்கான எளிய வரித் திட்டத்தில் இருப்பவரும் தனியாக வரி போட்டு வாங்க முடியாது. நானும் இதே தொழில்தான், அதனால் சொல்கிறேன்.

மிளகுக்கொடி:
பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய செல்பேசி எண் இருக்கிறது.

பழைய தணிக்கையாளர்:
அப்படியானால் 37,800-ஐக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: அலுவலகத்தில் கட்டும் பாதுகாப்பு டெபாசிட் திரும்பக் கிடைக்கும் பணம். அது கட்டணமாகக் கழிக்கப்படாதவரை அதற்கும் வரி வராது.

மிளகுக்கொடி:
நேற்று ஒப்பந்ததாரர் வந்தார். எண்ணைக் கேட்டதும் வரியை அடித்துவிட்டு, 2,10,000-ஐ 2,45,000 ஆக்கினார். போஸ்ட் விலை ஏறிவிட்டதாம். வரியும் சேர்ந்த போன வாரக் கணக்குக்கு 2,800 ரூபாய் எனக்கு லாபம் என்றும் சொன்னார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்று காலை அலுவலகத்திலேயே பணம் கட்டி ரசீது வாங்கினேன். போஸ்ட் வரும்வரை டீக்கடைதான்.