மறு: ட்ரை வெயிட்: உலர் எடையா, வடியெடையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டயாலிசிஸ் வார்டில் சொல்கிற ட்ரை வெயிட்டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று ஓடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மண்டியில் தேங்காய்ப் பருப்பு வரத்து அதிகம், உட்கார்ந்து எழுத நேரமில்லை. இன்றைக்கு ஏலம் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டயாலிசிஸ் சொற்களில் ட்ரை வெயிட்டுக்கு உலர் எடை என்று நேராக வைத்துவிடலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்குதுங்க ஐயா. எங்கள் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, சங்ககிரிக்காரர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது ஈரோட்டில் வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அவருடைய நோட்டில் ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு வரி விழும்:

ப்ரீ 61.2, டி.டபிள்யூ 58.5, யு.எஃப் 3.0

இந்த ஒரு வரியைப் படிக்க எங்கள் வீட்டுக்கு நாலு மாதம் ஆயிற்று. ப்ரீ என்பது ஊசி குத்துவதற்கு முன் பார்க்கும் எடை. யு.எஃப் என்பது மிஷின் உடம்பிலிருந்து எடுக்கப்போகும் நீர், லிட்டரில். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் கிலோவும் லிட்டரும் இங்கே ஒரே கணக்கு. "61.2-ல 58.5 போனா 2.7 தானே, 3 எங்கிருந்து வந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். கடைசியில் குழாயில் நிற்கும் ரத்தத்தை உடம்புக்குள் தள்ள சலைன் விடுவார்கள், நடுவில் ஒரு டீ குடிப்பார், அதற்கெல்லாம் சேர்த்து முந்நூறு மில்லி கூடப் போடுவார்களாம். சரி, அது புரிந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த டி.டபிள்யூ தான் புரியவில்லை.

அக்கா அதை டெய்லி வெயிட் என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள், இவளும் பார்த்த எடையை அந்தக் கட்டத்திலேயே ஒழுங்காக எழுதி வந்தாள். ஒரு நாள் டியூட்டிக்குப் புதிதாக வந்த பையன், அங்கே 60.1 என்று இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டு, ஒன்றரை லிட்டர்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டான். அன்று ராத்திரி மாமாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை. விடிய விடிய தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். காலையில் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, இது டெய்லி வெயிட் இல்லீங்க, ட்ரை வெயிட்" என்றார்.

அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற நர்ஸ் "உலர்ந்த எடைங்கம்மா" என்றார். உடனே மாமா: "ஏனுங், என்னையத் தேங்காப் பருப்பாட்டம் ஒணத்தப் போறீங்களா?"

வார்டே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. பருப்பை உணத்துவது என்றால் உள்ளே இருக்கும் ஈரம் போக வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், "காய்ச்சல் பத்தலை" என்று விலையில் கழிப்பார்கள். மனிதன் அப்படிக் காயக் கூடாது. 58.5 கிலோ மாமாவிலும் பாதிக்கு மேல் நீர்தான், அது இருந்தாக வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் மேற்கொண்டு தேங்கிய நீர் மட்டுமே போக வேண்டும். அது போனபின் கால் வீக்கம் இல்லாமல், மூச்சு முட்டாமல், பி.பி. தடாலென்று இறங்காமல், கெண்டைக்காலில் கொரக்களி பிடிக்காமல் ஆள் எந்த எடையில் நிற்கிறாரோ, அதுதான் ட்ரை வெயிட். ஆங்கிலத்திலேயே அது அவ்வளவு நல்ல சொல் இல்லை என்பது என் எண்ணம். அவர்கள் சறுக்கிய இடத்தில் நாமும் போய்ச் சறுக்க வேண்டுமா?

இன்னொன்று, உலர் எடை ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் யாரையாவது கேளுங்கள். பயிரைப் பிடுங்கி, சூட்டடுப்பில் வைத்து, ஈரம் முழுக்கப் போக்கி நிறுத்தால் வருவது உலர் எடை. அதையே எடுத்து டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவர் மேல் ஒட்டினால் எப்படி?

> நீரகல் நிறை. இரண்டே சொல், பொருள் தெளிவு.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: நீரகல் அழகாக இருக்கிறது, சங்கடம் நிறையில்தான். உங்கள் பாடநூலில் திணிவு, நிறை என்று இருப்பது எங்கள் பாடநூலில் நிறை, எடை. அதாவது உங்கள் நிறை எங்கள் எடை, எங்கள் நிறை உங்கள் திணிவு. கடல் தாண்டினால் சொல் இடம் மாறிவிடுகிறது. அதோடு நிறை என்றால் நிறைவது என்றும் ஒரு பொருள் கேட்கும். நீரை வெளியே எடுக்கும் இடத்தில் நிறை என்ற ஒலி வேண்டாமே.

> நாங்கள் நோயாளியிடம் பேசும்போது டார்கெட் வெயிட் என்றும் சொல்வோம். இலக்கு எடை என்று வைத்தால் என்ன?

மருத்துவர் அம்மா, இதை நானும் ஆதரித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அடுத்த கட்டில்காரர் என் மனதை மாற்றிவிட்டார். இலக்கு என்றதும் அவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். எடை இறங்கியது, ஆனால் இறங்கியது சதை. நீர் அப்படியே நின்றது. தராசுக்குச் சதை எது நீர் எது என்று தெரியாது. உடம்பு இளைக்கிறவர்களுக்கும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இலக்கு எடை இருக்கட்டும்.

மாமாவே ஒரு சொல் வைத்திருக்கிறார்: காலி வண்டி எடை. எடை மேடையில் லாரியை லோடோடு ஏற்றினால் ஒரு சீட்டு, இறக்கிவிட்டு ஏற்றினால் ஒரு சீட்டு, கழித்தால் சரக்கு. "காலி வண்டி எடை தெரியாம எவ்வளவு எறக்கோணும்னு எப்படிச் சொல்லுவாங்க?" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவ நூலும் சொல்லிவிட முடியாது. சொல்லாகவும் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வார்டில் அவர் அதைச் சொன்னபோது எதிர்க் கட்டில் அம்மிணி, "காலி கீலின்னு இங்க பேசாதீங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த இடத்தில் காலி என்ற சொல் காதில் எப்படி விழும் என்று விளக்க வேண்டியதில்லை.

என் முன்மொழிவு: வடியெடை.

நான் உட்கார்ந்து யோசித்து எடுத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வார்டில் எல்லோர் வாயிலும் வடிதல்தான் இருக்கிறது. "கால் வீக்கம் வடிஞ்சுதுங்களா?" "மூஞ்சி வீங்குனது இன்னும் வடியலீங்க." சோறு வடிப்பதை நினைத்துப் பாருங்கள். கஞ்சி போகிறது, சோறு காய்ந்து போவதில்லை, வேண்டிய ஈரத்தோடு பதமாக நிற்கிறது. உலர்ந்த சோற்றுக்கும் வடித்த சோற்றுக்கும் உள்ள வித்தியாசம் அடுப்படிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். ட்ரை வெயிட்டில் தவறாகப் போனது எதுவோ அது வடியெடையில் சரியாகிவிடுகிறது.

> வடி எடை என்பது வினைத்தொகையானால், வடிவது எடையாக அல்லவா இருக்க வேண்டும்? வடிவது நீர்.

சேலத்து ஆசிரியர் ஐயாவுக்கு: உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்கிறோம். களைப்பா போய்ச் சாப்பிட்டது? வடிந்த எடையும் அந்த வகைதான். வினைத்தொகையாக வைத்ததில் ஒரு லாபமும் உண்டு. வடிந்த, வடிகிற, வடியும் என மூன்று காலத்தையும் அது தாங்கும். ட்ரை வெயிட் ஒரு தடவை எழுதிப் பூட்டி வைக்கிற எண் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டால் அதை ஏற்ற வேண்டும், காய்ச்சலில் இளைத்தால் இறக்க வேண்டும். மாமாவுக்குச் சாப்பாடு பிடித்து உடம்பு தேறிய சமயம், டயாலிசிஸ் முடிகிற நேரமெல்லாம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கத்தினார். நோட்டில் பழைய 58.5-ஏ இருந்ததால் எடுக்கக் கூடாத நீரையும் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் 59.2 என்று மாற்றியதும் நின்றது. "புதுசா பாடி கட்டுனா காலி வண்டி எடை ஏறத்தானுங்க செய்யும்" என்றார் மாமா. எதிர்க் கட்டில் அம்மிணி முறைத்தார்.

> 1916-இல் சேலத்தில் ராஜாஜி அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு அடுப்படிச் சொல்லா?

அந்தப் பெருமை எனக்கும் உண்டுங்க. மொடக்குறிச்சிப் பக்கத்துத் தூரன் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்ததும் நம் பெருமைதான். அவையெல்லாம் படிக்க உட்கார்ந்தவருக்கான சொற்கள். இது, கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பவர் பையனைக் கூப்பிட்டு "தம்பி, என்ற எடையைத் தப்பாப் போட்டிருக்கற" என்று சொல்வதற்கான சொல். அடுப்படியில் இருந்து வந்தால்தான் வாயில் நிற்கும்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து

---

இரண்டு நாள் கழித்து, அதே இழையில்:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் அம்மா ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். "அசடு வடிகிற மாதிரி இருக்கிறது" என்ற நண்பருக்கு, அசடும் வடிந்துவிட்டால் நல்லதுதானே என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

தாராபுரத்துக்காரர் பிடித்ததுதான் சரியான ஓட்டை. நான் நோட்டில் ப்ரீ என்பதற்கு வந்த எடை என்று எழுதியிருந்தேன். சுருக்கினால் வந்த எடையும் வ.எ., வடியெடையும் வ.எ.! டி.டபிள்யூவில் விழுந்த அதே குழியில் தமிழிலும் விழப் பார்த்தேன். பழைய கணக்குப் பிள்ளைகள் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று எழுதினார்கள். எங்கள் மண்டியின் பழைய பேரேட்டிலும் இருக்கிறது. எழுதினவனும் படித்தவனும் ஒரே திண்ணையில் பாடம் கேட்டதால் அது ஓடியது. டயாலிசிஸ் நோட்டை எழுதுவது ஒருவர், படிப்பது இன்னொருவர், அனுபவிப்பது மூன்றாமவர். அதனால் இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். வந்த எடை போய் முன்னெடை ஆகிவிட்டது. வடியெடையைச் சுருக்கவே வேண்டாம். நாலே எழுத்து, அதற்குமா சுருக்கம்?

அக்கா இப்போது எழுதுகிற வரி: முன்னெடை 61.9, வடியெடை 59.2, இறக்கும் நீர் 3.0. வீட்டில் காலையில் பார்க்கும் எடைக்குத் தனியாக ஒரு பக்கம். கடைசிச் சொல் மாமாவுடையது. யு.எஃப் என்ற எழுத்தை அவர் வாயால் சொன்னதே இல்லை, "இன்னைக்கு ரெண்டே முக்கால் எறக்கிட்டாங்க" என்றுதான் சொல்வார். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

பிஸ்டுலாவுக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள். ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கிறார்களே, அது. புதிதாக வந்த ஒரு பையன் தன் அம்மாவுக்காக அகராதியைப் புரட்டியிருக்கிறான். பௌத்திரம் என்று போட்டிருக்கிறது. கையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு எங்கே செய்யப்போகிறார்கள் என்று கலங்கிப்போய் வராந்தாவில் நிற்கிறான்.