சமையலும் குடும்பமும் கலந்த சிரிப்புப் படம் ஒன்று சொல்லுங்களேன்

மும்பைத் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அம்மா போன பிறகு அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து மாட்டுங்காவுக்கு அழைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் பேச்சே இல்லாமல் இருந்தார். போன மாதம் மார்க்கெட்டில் சுண்டைக்காய் வற்றலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அன்று மாலை அவரே நல்லெண்ணெய் காயவைத்து வற்றலைக் கருகாமல் வறுக்க, என் ஒன்பது வயது மகன் ஸ்டூல் மேல் ஏறி நின்று புளி கரைத்தான். மணிக்கட்டு வரை புளி! இப்போது ஞாயிறு என்றால் அடுப்படி அவர்கள் இருவருக்குத்தான்.

வரும் ஞாயிறு சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்க ஆசை.

மைக்கேல் மதன காமராஜன் பார்த்தாச்சு. சாம்பாரில் மீன் விழும் இடத்தில் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்கணும். ராஜேஷ் கன்னாவின் பாவர்ச்சி (1972) கதை எங்களுக்கு அப்படியே பொருந்தும். சண்டை போடும் கூட்டுக் குடும்பத்தை ஒரு சமையல்காரன் சேர்த்து வைப்பான். ஆனால் இந்தி. உஸ்தாத் ஹோட்டல் எனக்கு உயிர், அதுவோ மலையாளம். அப்பாவுக்குக் கண்புரை, சப்டைட்டில் படிக்க முடியாது.

அதனால் தமிழில் இருக்கணும், டப்பிங் என்றாலும் சரி. மனைவி இறக்கும் காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த ஓடிடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் பெரிய உதவி.