ஸ்கவுட்டிங்: ‘ஆட்ட நோட்டம்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார்த்து எடைபோடும் ‘ஸ்கவுட்டிங்’ வேலைக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். உதாரணங்கள் டென்னிஸிலிருந்து. எழக்கூடிய கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> ‘வேவு’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

வேவு எதிராளியைப் பற்றியது. நாளை மோதப்போகிறவர் பிரேக் பாயின்ட்டில் (சர்வீஸ் போடுபவர் அடுத்த புள்ளியை விட்டால் அந்த கேமையே இழக்கும் கட்டத்தில்) சர்வீஸை எந்தப் பக்கம் அடிக்கிறார் என்று பயிற்சியாளர் பார்த்து வைத்துக்கொள்வதற்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். அதை அங்கேயே விட்டுவிடலாம். வளர்ந்துவரும் ஒருவரின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து, இவர் எதுவரை போவார் என்று எடைபோடுவது வேறு வேலை. அதில் பகை இல்லை, ஒளிவுமறைவும் இல்லை.

‘சாரணம்’ என்றால் காக்கிச் சீருடைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ‘திறனாய்வு’ இலக்கியத்துக்கும் பள்ளித் தேர்வுக்கும் போய்விட்டது. ‘திறன் தேடல்’ மோசமில்லை. ஆனால் அது ஆளைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகிறது. கண்டுபிடித்த பிறகு உட்கார்ந்து பார்ப்பதுதான் இங்கே பெரும்பகுதி.

என் பரிந்துரை ‘ஆட்ட நோட்டம்’. காசு நல்லதா கள்ளதா என்று பார்த்துச் சொல்கிறவரை நோட்டக்காரர் என்பார்கள். பார்வையும் மதிப்பீடும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இந்த வேலைக்கு இரண்டும் வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 டிசம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த, இளம் வீரர்களுக்கான ‘அடுத்த தலைமுறை ஏடிபி’ டென்னிஸ் தொடரின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலின் ஜோவாவ் ஃபொன்சேகாவும் அமெரிக்காவின் லெர்னர் டியனும் மோதினார்கள். முதல் செட் டியனுக்கு, பட்டம் ஃபொன்சேகாவுக்கு. அடுத்த மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனில் இருவருமே தகுதிச் சுற்று வழியாக வந்தார்கள். ஃபொன்சேகா முதல் சுற்றில் ரஷ்யாவின் ரூப்லெவை ஒரு செட்கூட இழக்காமல் வீழ்த்தினார். அந்த ஃபோர்ஹேண்டைப் பார்த்து அசந்துபோக நோட்டக்காரர் தேவையில்லை. பந்து மட்டையில் படும் சத்தமே போதும். இரண்டாம் சுற்றில் இத்தாலியின் சொனேகோவிடம் ஐந்து செட்டில் தோற்றாரே, நோட்டம் பார்க்கிறவருக்கு அந்த ஆட்டம்தான் முக்கியம். செட்டுக்குச் செட் நிலைமை மாறும்போது பொறுமை இருக்கிறதா, பந்து தாழ்வாக வந்தால் என்ன செய்கிறார், ஐந்தாவது செட்டில் கால்கள் இன்னும் ஓடுகின்றனவா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

டியன் விஷயம் இன்னும் சுவையானது. இடக்கை ஆட்டக்காரர். ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்) மழை கிடையாது, ஒரே அடியில் முடிக்கிற வேகமும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிவார். ஆனால் பந்து எழும்போதே முன்னால் நின்று அடித்து, எதிராளியின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிடுகிறார். அதே ஆஸ்திரேலிய ஓப்பனில், முந்தைய ஆண்டு அங்கே இறுதி ஆட்டம்வரை போன ரஷ்யாவின் மெத்வெதெவை இரண்டாம் சுற்றில் ஐந்து செட்டில் வென்றார். ஆட்டம் முடியும்போது விடியற்காலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. இதை முன்கூட்டியே கணிக்க வேண்டுமானால் கண்ணைப் பந்திலிருந்து எடுத்து, ஒரே ஆளின் மேல் வைக்க வேண்டும். எதிராளி அடிப்பதற்கு முன்பே இவர் எந்தப் பக்கம் நகர்கிறார்? முப்பதுக்கு நாற்பது என்று பின்தங்கும்போது இரண்டாவது சர்வீஸ் எங்கே விழுகிறது? ஸ்கோர் பலகை இதில் எதையும் காட்டாது. தொலைக்காட்சியும் முழுசாகக் காட்டாது, பாதி நேரம் அண்மைக் காட்சியிலேயே போய்விடும். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தெரியும்.

> ‘நோட்டம் விடுதல்’ திருடனுக்குச் சொல்வதாயிற்றே?

உண்மைதான். அதனால்தான் ‘விடுதல்’ வேண்டாம், ‘நோட்டம் பார்த்தல்’ என்றே வினை அமைக்கலாம் என்கிறேன். ‘இளையோர் போட்டிகளில் ஆட்ட நோட்டம் பார்க்கிறார்’ என்று எழுதிப் பாருங்கள், திருட்டு வாடை வராது. ஆளுக்கு ‘ஆட்ட நோட்டக்காரர்’. நோட்டகர் என்று சுருக்குவதில் எனக்கு விருப்பமில்லை, செயற்கையாக ஒலிக்கிறது.

அப்புறம், அவர் எழுதித் தருவதற்கு ‘நோட்டக் குறிப்பு’ போதும் என்று நினைக்கிறேன். ‘அறிக்கை’ என்றால் முடிந்துபோன தீர்ப்பு மாதிரி இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனைக் கடினத் தளத்தில் பார்த்து எழுதியதை, களிமண் தளத்தில் பார்த்தபின் திருத்த வேண்டியிருக்கும். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள். குறிப்பாக ‘திறன் தேடல்’ பக்கம் நிற்பவர்கள், மேலே சொன்ன டியன் வாக்கியங்களில் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.