மாதவரம் கட்டடப் பணியில் கட்டிங் மிஷினால் தம்பியின் இரண்டு விரல்கள் போயின: சட்டப்படி என்ன செய்யலாம்?

கொடுங்கையூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 35. சிறு வயதிலிருந்தே டைல்ஸ் வேலைதான் செய்து வருகிறான். 2025 ஜூலையில், மாதவரத்தில் விற்பனைக்காகக் கட்டப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கிரானைட் அறுத்துக்கொண்டிருந்தபோது மார்பிள் கட்டர் எகிறி, இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நல்லபடியாகச் சிகிச்சை அளித்தார்கள். ஆனால் விரல்கள் மிகவும் சிதைந்திருந்ததால் அவற்றை மீண்டும் பொருத்த இயலவில்லை.

டைல்ஸ் காண்ட்ராக்டர் முதல் வாரத்திலேயே மருந்துச் செலவுக்கு என்று இருபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, "முழு இழப்பீட்டையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத் தாளில் தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மருத்துவமனையில் சேர்த்தபோது அவருடைய ஆள், வீட்டில் வேலை செய்யும்போது அடிபட்டது என்று சொல்லிப் பதிய வைத்திருக்கிறார். இப்போது கேட்டால், பிளேடின் மேல் இருக்கும் கார்டை (பாதுகாப்பு மூடியை) தம்பிதான் கழற்றினான், ஆகவே தவறு அவனுடையது என்கிறார். பில்டரோ, "எங்களுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை, காண்ட்ராக்டரைப் பாருங்கள்" என்கிறார்.

நாள்கூலி 1,100 ரூபாய். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ரொக்கமாகவும், சில வாரங்கள் ஜிபே மூலமாகவும் வந்தது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருக்கிறது. இடைத்தரகர் ஒருவர் வழக்குப் போட்டுத் தருவதாகவும், வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்றும் கேட்கிறார். கையெழுத்துப் போட்ட பிறகும் எங்களுக்கு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரம்பூர் தொழிற்சங்க ஊழியர்:

அம்மா, வழி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. முதலில் அந்த முத்திரைத் தாளைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கப்படும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. உண்மையாகவே சமரசம் ஏற்பட்டிருந்தால் அதை இழப்பீட்டு ஆணையரிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாத முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பாவார் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. மேலும், மருத்துவச் செலவுக்கென்று கொடுத்த பணம் இழப்பீட்டில் கழிக்கப்படாது. எனவே அந்த இருபதாயிரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகத் தெளிவாகும். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தது என்பதை நிரூபித்தால் போதும். தம்பி சற்றுக் கவனம் தவறியிருந்தாலும்கூட உரிமை போய்விடாது.

பில்டர் கை கழுவுவதையும் ஏற்க வேண்டாம். தன் தொழிலின் பகுதியான வேலையை ஒருவர் காண்ட்ராக்டரிடம் கொடுத்துச் செய்வித்தால், காயமடைந்த தொழிலாளிக்கு அவரும் பொறுப்பு என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. கொடுத்த பணத்தைப் பின்னர் காண்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுகிறவரை இந்தப் பிரிவின் கீழ்க் கொண்டுவருவது கடினம், ஏனென்றால் கட்டுவது அவருடைய தொழில் அல்ல. உங்கள் தம்பி வேலை செய்ததோ விற்பனைக்கான அடுக்குமாடியில். ஆகையால் காண்ட்ராக்டர், பில்டர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறேன். உண்மையான கூலி எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி முதல் மாத ஊதியம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது அநியாயமான வரம்பு என்று எங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறோம். நாள் முழுக்கக் கல் தூசியை விழுங்கி வேலை செய்கிற ஒருவனின் கூலியில் ஏறக்குறைய பாதியைச் சட்டமே கண்டுகொள்வதில்லை. அந்தப் பதினைந்தாயிரத்தில் 60 சதவீதம் 9,000. முப்பத்தைந்து வயதுக்குச் சட்டம் குறிக்கும் பெருக்கல் காரணி 197.06. இரண்டையும் பெருக்கினால் முழு ஊனத்துக்கான தொகை 17,73,540 ரூபாய். ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் உழைப்புத் திறன் இழப்பு 20 சதவீதம் என்று முதல் அட்டவணையில் குறிக்கப்பட்டிருப்பதால் 3,54,708 ரூபாய் வருகிறது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சென்னையில் அவர்தான் இழப்பீட்டு ஆணையர். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் விசாரித்தால், உங்கள் பகுதி எந்தத் துணை ஆணையரிடம் வருகிறது என்று சொல்வார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எண்ணூர் சைட் பாதுகாப்பு அலுவலர்:

சட்டத்தைப் பெரியவர் விளக்கிவிட்டார். கார்டு விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் விசாரணையில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான். பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே, வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி தப்பிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த விதிவிலக்கு பொருந்தாது. தம்பியுடைய காயம் பகுதி ஊனம் என்பதால் அவர்கள் அதை எழுப்ப முடியும். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர்களுடையது.

வட சென்னையின் சைட்டுகளில் நான் கண்ணால் பார்ப்பது வேறு கதை. நாலு அங்குல மிஷினில் ஐந்து அங்குல பிளேடைப் பொருத்தினால் ஆழமாக அறுக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கார்டு இடிக்கும். ஆகவே கார்டைக் கழற்றி ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டுவிடுவார்கள். மேஸ்திரி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டார், வேலை முடிந்தால் சரி. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு கல்லில் சிக்கிய நொடியில் மிஷின் பின்னால் எகிறும். கல்லைப் பிடித்திருக்கும் இடது கைதான் அதற்கு முதலில் அகப்படும். தம்பிக்கு நடந்ததும் அதுவாகவே எனக்குத் தோன்றுகிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கார்டு எத்தனை நாளாக இல்லை? பெரிய பிளேடை வாங்கிக் கொடுத்தவர் யார்? கார்டு இல்லாமல் வேலை செய்யாதே என்று எவராவது எப்போதாவது சொன்னதுண்டா? சைட்டில் எடுத்த பழைய புகைப்படங்களையும் வீடியோக்களையும் தேடுங்கள். உடன் வேலை செய்தவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட மிஷின் தெரியலாம். மற்றவர்களும் அப்படியே வேலை செய்தார்கள் என்பது படத்தில் இருந்தால், "இவன்தான் வேண்டுமென்று கழற்றினான்" என்ற வாதம் வலுவிழக்கும்.

மிஷினும் உடைந்த பிளேடும் உங்கள் கையில் இருந்தால் யாரிடமும் கொடுக்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். பிளேடே தரக்குறைவால் சிதறியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயத்தின் கீழ்த் தயாரித்தவர்மீது பொறுப்புச் சுமத்தலாம். பொருந்தாத அளவு பிளேடைப் போட்டிருந்தால் அவர்கள் தவறான பயன்பாடு என்று சொல்லித் தப்பிப்பார்கள் என்பதால், அதை முதல் வழியாக நம்ப வேண்டாம்.

இராயபுரம் வழக்கறிஞர்:

மேலே சொன்னவற்றுடன் சில விஷயங்களைச் சேர்க்கிறேன். நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு நடக்கும் விபத்துகளுக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் பொருந்தும். ஏற்பாடுகள் பெரும்பாலும் பழையவையே. விபத்து நடந்த நாளில் நடப்பிலிருந்த சட்டமே உரிமையைத் தீர்மானிக்கும் என்பதால், ஜூலையில் நடந்த உங்கள் விஷயத்தை 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படியே கேட்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வருகிற தொழிலாளி இந்தச் சட்டத்தில் இழப்பீடு கோர முடியாது, இ.எஸ்.ஐ. பலன்களைத்தான் பெற வேண்டும். நாளொன்றுக்கு 1,100 என்றால் மாதம் 26 நாளுக்கு 28,600 ஆகிறது, இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிவிடுவதால் அந்தத் தடை உங்களுக்கு எழாது. இருந்தாலும் அவர்கள் கூலியைக் குறைத்துக் காட்டி இந்த வாதத்தை எழுப்பலாம். ஜிபே பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

அட்டவணையின் 20 சதவீதத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவர் இனி ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அவருக்கு உழைப்புத் திறன் முழுவதும் போய்விட்டது என்ற முடிவை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே முதலாளி செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது என்று சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். இரண்டு விரல் இழப்பை அதற்குச் சமமாக வைத்துவிட முடியாது. ஆனால் டைல்ஸ் வேலைக்காரர் கல்லைப் பிடித்து நிறுத்தவே அந்த விரல்கள்தான் வேண்டும் என்பதை மருத்துவர் தம் சான்றில் எழுதினால், கூடுதல் சதவீதம் கேட்க இடமுண்டு.

மருத்துவமனைப் பதிவுக்கு வருகிறேன். ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) "வீட்டில்" என்று இருப்பது சிக்கல்தான், முட்டுச்சந்து அல்ல. அழைத்து வந்தவர் யார் என்பதும் பெரும்பாலும் அதில் இருக்கும். அவர் காண்ட்ராக்டரின் ஆள் என்று காட்டிவிட்டால் பதிவின் நம்பகத்தன்மை குறையும். மது வாடை இருந்ததா என்ற குறிப்பையும் பாருங்கள், இல்லை என்று இருந்தால் அது உங்களுக்குச் சாதகம். மாதவரம் பகுதிக் காவல் நிலையத்தில் தாமதத்துக்கான காரணத்தோடு புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். இயந்திரத்தை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவில் குற்றம். வாங்க மறுத்தால் உயர் அதிகாரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டாலும் இழப்பீட்டு மனு தடைபடாது.

இடைத்தரகரைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் இந்த உதவிக்குத் தகுதியுள்ளவர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

கொடுங்கையூர் வாசகி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு கேள்வி. அந்த மிஷின் தம்பி சொந்தப் பணத்தில் வாங்கியது. அதனால் அவன் தொழிலாளி இல்லை, தனி காண்ட்ராக்டர் என்று சொல்லிவிடுவார்களா? உடன் வேலை செய்த இருவர் சாட்சி சொல்லத் தயங்குகிறார்கள். அதே காண்ட்ராக்டரிடம்தான் அவர்கள் இன்னமும் வேலை செய்கிறார்கள்.

பெரம்பூர் தொழிற்சங்க ஊழியர்:

சொல்லத்தான் செய்வார்கள், அம்மா. கொத்தனார் கரண்டியைச் சொந்தமாக வைத்திருப்பதுபோல, டைல்ஸ்காரர் கட்டரை வைத்திருப்பது இந்தத் தொழிலின் வழக்கம். காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அறையில் எந்தக் கல்லைப் பதிக்க வேண்டும் என்று சொன்னது யார், கூலி நாள் கணக்கிலா சதுர அடிக் கணக்கிலா என்பவைதான் முக்கியம். நாள்கூலி என்பது உங்களுக்குச் சாதகமான விவரம். மேஸ்திரியின் ஆள் கணக்கு நோட்டில் தம்பியின் பெயர் இருக்கும் பக்கத்தைப் படமெடுக்க முடிந்தால் எடுங்கள். அந்த நோட்டைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையரிடமும் மனுச் செய்யலாம்.

தயங்குகிறவர்களை வற்புறுத்த வேண்டாம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆணையர் சம்மன் அனுப்பினால் வந்து சொல்ல வேண்டியது அவர்களுடைய சட்டக் கடமையாகிவிடும். தாமாக முன்வந்ததாகக் காண்ட்ராக்டர் கோபிக்கவும் இடமிராது. இதற்கிடையில் விபத்தைப் பற்றிய எழுத்து மூலமான அறிவிப்பைக் காண்ட்ராக்டருக்கும் பில்டருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அது கிடைத்த பிறகு அவர்கள் தங்கள் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் தம்பி மறுக்கக்கூடாது, மறுத்தால் உரிமை நிறுத்திவைக்கப்படும். நலவாரியப் பதிவையும் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பெரம்பூர் அலுவலகம் திறந்திருக்கும். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிக் கணக்கு விவரம், வயதுக்கான சான்று இவற்றோடு தம்பியை அழைத்து வாருங்கள். அறிவிப்பை அன்றே எழுதிவிடலாம்.